நகத்தில் தெரியும் மாற்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல வருஷம் மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக வேலை பார்த்தவள். ஊசி போட ஒருவர் கையைப் பிடித்தால் நரம்புக்கு முன்னால் நகங்கள்தான் என் கண்ணில் படும். அது தெரிந்ததாலோ என்னவோ, கல்யாண வீட்டில்கூட யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையை நீட்டி, "இது என்னன்னு பாரேன்" என்பார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. நகத்தை மட்டும் பார்த்து எந்த டாக்டரும் நோயை முடிவு செய்யவும் மாட்டார். எந்த ரத்தப் பரிசோதனை எடுக்கலாம், யாரிடம் போகலாம் என்று யோசிக்க நகம் ஒரு காரணம் தரும். அந்தக் காரணம் கையில் இருந்தும் வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்ட வீடு எங்களுடையது. அதைக் கீழே சொல்கிறேன்.

உடம்புக்குள் இருக்கும் நோய் நகத்தில் எப்படித் தெரியும்?

மருதாணி வைத்துக்கொண்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். உள்ளங்கையில் பிடித்த சிவப்பு பத்து, பதினைந்து நாளில் போய்விடும். நகத்தில் பிடித்தது போகாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சிவப்பு அப்படியே இருக்கும், ஆனால் அடியில் ஒரு சிறு வெள்ளை இடைவெளி வந்திருக்கும். அதுதான் அந்த மாதத்தில் புதிதாக வளர்ந்த நகம்.

நாம் வெட்டி எறியும் நகத்தில் உயிர் இல்லை. அது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன தகடு. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் நகவேர். தகடு அங்கே உருவாகி முன்னால் தள்ளப்படுகிறது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரல் நகத்துக்கு ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம்வரை பிடிக்கும். நகவேர் வேலை செய்யும்போது உடம்பு எப்படி இருந்ததோ, அதன் தடயம் தகட்டில் பதிந்து மெதுவாக முன்னால் நகர்ந்து வரும்.

இன்னொன்று, நகம் கண்ணாடி மாதிரி. அதன் வழியாகத் தெரியும் இளஞ்சிவப்பு, அடிச்சதையில் ஓடும் ரத்தத்தின் நிறம். ரத்தம் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ நகத்தின் வழியே தெரிந்துவிடும். ஆக, மாற்றம் தகட்டில் இருக்கிறதா, அடிச்சதையில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கால்சியம் குறைவா?

இல்லை. என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். "வெள்ளைப் புள்ளி வந்தா புதுத்துணி கிடைக்கும்" என்று சின்ன வயதில் எங்களிடம் சொல்வார்கள். அதே புள்ளியைப் பார்த்துத்தான் இப்போது கால்சியம் மாத்திரை வாங்குகிறார்கள். உண்மையில் நகவேரில் எப்போதோ பட்ட சிறு இடிதான் காரணம். மேஜையில் விரலால் தட்டுவது, நகம் கடிப்பது, அழகு நிலையத்தில் நகத்தோலைக் குத்தித் தள்ளுவது, எல்லாமே இதில் அடங்கும். பட்டது சில வாரத்துக்கு முன்னால் என்பதால் நமக்கு ஞாபகம் இருக்காது. புள்ளி நகத்தோடு வளர்ந்து போய்விடும். மாத்திரை வேண்டாம்.

என் விரல்களில் பிறை தெரியவில்லை. ஆரோக்கியம் இல்லை என்று அர்த்தமா?

அப்படி இல்லை. நகத்தின் அடியில் தெரியும் வெள்ளைப் பிறை, நகவேரின் வெளியே தெரியும் விளிம்பு. கட்டைவிரலில் பெரும்பாலும் தெரியும், சுண்டுவிரலில் பலருக்குத் தெரியாது. வயது ஏற ஏற இன்னும் மறையும். "எட்டு விரலில் பிறை இருந்தால்தான் ஆரோக்கியம்" என்று பரவும் செய்திகளுக்கு அடிப்படை எதுவும் இல்லை. பிறை நீலமாக மாறுவது அரிதாக நடக்கும். உடம்பில் தாமிரம் சேரும் வில்சன் நோயில் அப்படி வருவதுண்டு. அது லட்சத்தில் சிலருக்கு மட்டுமே வரும் நோய்.

நகம் வெளுத்து, நடுவில் குழிந்து கரண்டி மாதிரி இருக்கிறது. ஏன்?

இந்த ஒரு கேள்வியை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் பதில் இதுதான்.

என் அம்மாவின் கட்டைவிரல் நகங்கள் நான் கல்லூரியில் படித்த நாளிலிருந்தே தட்டையாகி, பிறகு நடுவில் குழிந்துபோயின. "பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு நகம் தேய்ஞ்சுபோச்சு" என்பார். நாங்களும் நம்பினோம். அம்மா அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார். "அரிசி தின்னாதே, கல்யாணத்தன்னிக்கு மழை வரும்" என்று சொல்லிச் சிரிக்கும் வீடு எங்களுடையது. கல்யாணமாகி இருபது வருஷமான அம்மா ஏன் தின்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யாமல் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து வேறொரு காரணத்துக்காக ரத்தம் எடுத்தபோது ஹீமோகுளோபின் 6.8. மாதவிடாயில் அதிகமாக ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது, காரணம் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. அம்மா அதை யாரிடமும் சொல்லவே இல்லை. அவருடைய நகம் அதற்கு இரண்டு வருஷம் முன்பே காட்டிக்கொண்டிருந்தது. நர்ஸிங் படித்த நானே அதைப் படிக்கவில்லை.

இரும்புச்சத்து நீண்ட நாள் குறைந்திருந்தால் நகம் மெலிந்து, தட்டையாகி, கடைசியில் குழியும். ஒரு சொட்டுத் தண்ணீரை நகத்தின் மேல் விட்டுப் பாருங்கள். வழியாமல் குழியில் தேங்கி நின்றால் அது கரண்டி நகம். அரிசி, சாம்பல், மண், திருநீறு, ஐஸ் என்று எதையாவது தின்னத் தோன்றுவதும் அதே குறைபாட்டின் இன்னொரு அடையாளம். கெட்ட பழக்கம் என்று திட்டி அடக்க வேண்டிய விஷயம் அல்ல.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இரண்டு பேரில் ஒருவர்! ஆனால் இவர்களில் எல்லோருக்கும் நகம் குழிந்திருக்காது. வெளுப்பு மட்டும் இருக்கலாம், அதுவும் இல்லாமல் இருக்கலாம். அதனால் நகம் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ரத்தமும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனை ஹீமோகுளோபின். முடிந்தால் கூடவே ஃபெரிட்டின். இது உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்லும். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழும், கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழும், ஆண்களுக்கு 13-க்குக் கீழும் போனால் ரத்தசோகை. அப்புறம், ஏன் குறைந்தது என்று பார்த்தே ஆக வேண்டும். மாதவிடாய், மூலம், குடல்புண், கொக்கிப்புழு என்று ரத்தம் போகும் வழிகள் பல. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு, குறிப்பாக ஆணுக்கு, இரும்புச்சத்து குறைந்தால் குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள். மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தேடல் நடக்காமலே போய்விடும்.

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். டீ, காபியோடு விழுங்காதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் நல்லது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், அடுத்த வருஷம் திரும்பவும் அதே வெளுப்போடு வருவார்கள். அம்மாவின் நகம் நேராக எட்டு மாதம் ஆனது.

எல்லா நகத்திலும் ஒரே உயரத்தில் குறுக்கே பள்ளம் விழுந்திருக்கிறதே?

கடந்த சில மாதங்களில் கடுமையான காய்ச்சல் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். டெங்கு, டைபாய்டு, நிமோனியா, கொரோனா, பெரிய அறுவை சிகிச்சை, புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோதெரபி என எதுவாகவும் இருக்கலாம். உடம்பு உயிருக்குப் போராடும் நாட்களில் நகவேர் தன் வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும். அந்த இடைவெளிதான் பள்ளம். பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் போ 1846-இல் விவரித்ததால் இதற்குப் போ கோடுகள் என்று பெயர்.

இதில் நாள்கூடக் கணக்கிடலாம். நகத்தோலிலிருந்து பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்து, மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் என்று வகுத்துப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் என்றால் சுமார் இரண்டு மாதத்துக்கு முன்னால். தீபாவளிக்கு வந்த டெங்கு பொங்கலன்று நகத்தின் நடுவில் வந்து நிற்பதை ஒரு பக்கத்து வீட்டுப் பையனின் கையில் பார்த்திருக்கிறேன். வைத்தியம் தேவையில்லை, வளர்ந்து போய்விடும். ஒரே ஒரு விரலில் மட்டும் இருந்தால் அந்த விரலில் அடிபட்டிருக்கும்.

நீளவாக்கில் வரி வரியாகக் கோடுகள் இருக்கின்றன. அது?

வயது. முகத்தில் சுருக்கம் வருவதுபோல நகத்திலும் வரும். நாற்பதுக்கு மேல் பெரும்பாலோருக்கு இருக்கும். கட்டைவிரலின் நடுவில் மட்டும் ஏணிப்படி மாதிரிப் பள்ளங்கள் இருந்தால், யோசிக்கும்போது நீங்கள் அறியாமலே ஆள்காட்டி விரலால் அந்த நகத்தோலைத் தேய்க்கிறீர்களா என்று கவனியுங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். இருபது நகமும் ஒருசேரச் சொரசொரப்பாகி உப்புத்தாளால் தேய்த்தது போலானால், அது வேறு விஷயம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நகத்தில் கறுப்புக் கோடு வந்திருக்கிறது. புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. ஆனாலும் இதை "பெரும்பாலும்" என்ற வார்த்தையோடு விட்டுவிடக் கூடாது.

நம்மைப் போல மாநிறமும் கறுப்பும் கொண்டவர்களுக்கு நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருப்பது சகஜம். பல விரல்களில் இருக்கும், மெல்லியதாக, ஒரே அகலத்தில், பல வருஷமாக மாறாமல் இருக்கும். அது நம் தோல் நிறத்தின் தொடர்ச்சி. வைட்டமின் பி12 குறைந்தாலும் நகமும் விரல் முட்டிகளும் கறுக்கலாம். பாலைத் தவிர முட்டை, மீன், இறைச்சி எதுவும் தொடாதவர்களுக்கு இது நினைவில் இருக்கட்டும். சில கீமோதெரபி மருந்துகளும் நகத்தைக் கறுக்க வைக்கும்.

அடிபட்ட ரத்தக்கட்டு இன்னொரு காரணம். கதவிடுக்கில் விரல் நசுங்கினால் நமக்கு ஞாபகம் இருக்கும். இறுக்கமான ஷூ போட்டு ஓடியதால் வந்தது ஞாபகம் இருக்காது. ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர அதுவும் முன்னால் நகரும், பின்னால் சுத்தமான நகம் முளைத்து வரும். அளவுகோல் வைத்து மாதம் ஒரு போட்டோ எடுங்கள். நகராமல் வேரிலிருந்தே தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அது ரத்தக்கட்டு இல்லை.

பயப்பட வேண்டிய கோடு இப்படி இருக்கும்: ஒரே ஒரு விரலில், பெரும்பாலும் கட்டைவிரல் அல்லது கால் பெருவிரலில், வயது வந்த பிறகு புதிதாகத் தோன்றும். 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகும், ஓரங்கள் கலங்கலாக இருக்கும், வேர்ப்பக்கம் அகலமாகவும் நுனிப்பக்கம் குறுகலாகவும் ஆகும், நகம் பிளக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கறுப்பு நகத்தைத் தாண்டி நகத்தோலிலும் பரவும். இந்தக் கடைசி அடையாளத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் எழுதி வைத்தார். இப்படி இருந்தால் மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் 1977-இல் கண்டுபிடிக்கப்பட்டது இதே நோய்தான். கால்பந்து ஆட்டத்தில் பட்ட காயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். விரலை எடுத்துவிடச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே 11 அன்று இறந்தபோது அவருக்கு வயது 36. மெலனோமா வெள்ளைத் தோல்காரர்களின் நோய் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளங்கை, உள்ளங்கால், நகம் ஆகிய இடங்களில் வரும் வகைக்கு அந்தக் கணக்குச் செல்லாது.

விரல் நுனி உருண்டு, நகம் கிளிமூக்கு மாதிரி வளைந்திருக்கிறது. வலி இல்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வலி இல்லாததால்தான் இது வருஷக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறது.

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் ஒட்டும்படி முதுகுப்புறமாகச் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நகங்களின் அடிப்பக்கத்தில் சாய்சதுர வடிவில் ஒரு சின்னச் சந்து தெரிய வேண்டும். சந்து அடைந்துபோயிருந்தால் விரல் நுனி வீங்கி உருண்டிருக்கிறது. லியோ ஷாம்ராத் என்ற தென்னாப்பிரிக்க இதயநோய் மருத்துவர், தனக்கே இதயத் தொற்று வந்தபோது தன் விரல்களில் இதைக் கவனித்து 1976-இல் எழுதினார்.

நுரையீரல் புற்றுநோய், பல வருஷம் சளி கட்டிக் கெட்டுப்போன நுரையீரல், நுரையீரலில் சீழ், இதய வால்வில் தொற்று, பிறவியிலேயே நீலம் பாயும் இதயக்கோளாறு, கல்லீரல் சுருக்கம், குடல் அழற்சி ஆகியவை காரணங்கள். சில குடும்பங்களில் பரம்பரையாகவே அப்படி இருக்கும், அதில் ஆபத்தில்லை. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இப்படி இருந்ததா என்று கேளுங்கள். இல்லை, சமீபத்தில் வந்தது என்றால், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் இருக்கக் கூடாது. பீடி, சிகரெட் பிடிக்கிறவர் என்றால் இன்றைக்கே கிளம்புங்கள்.

நகம் நீலமாக இருந்தால்?

குளிரில் சற்று நேரம் நீலமாகி, கையைத் தேய்த்ததும் சரியானால் பரவாயில்லை. உதடும் நாக்கும் சேர்ந்து நீலமாகி, மூச்சும் வாங்கினால் அது அவசரம், 108-ஐ அழையுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்திலிருந்து பல வீடுகளில் இருக்கிறது. அது விரலின் ஊடே ஒளியை அனுப்பி அளக்கும் கருவி. அடர்ந்த நகப்பூச்சு, கெட்டியாகப் பிடித்த மருதாணி, அதிலும் கடைக் கோனில் வரும் கறுப்பு மருதாணி இருந்தால் எண் தவறாகக் காட்டலாம். பூசாத விரலில் மாட்டுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் நகப்பூச்சை அழித்துவிட்டு வரச் சொல்வது இதனால்தான். கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. எனவே எண் 95 காட்டினாலும் ஆள் மூச்சுத் திணறினால் ஆளை நம்புங்கள், எண்ணை அல்ல.

டெங்குக் காய்ச்சலில் குழந்தையைக் கவனிக்கும் தாய்மாருக்கு ஒன்று. குழந்தையின் விரல் நகத்தை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். கை சில்லிட்டு, நகம் சிவக்க அதற்கு மேல் நேரம் எடுத்தால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் அந்த நாட்களில்தான் டெங்கு மோசமாகும்.

நகத்தின் பெரும்பகுதி வெள்ளையாகவும் நுனி மட்டும் சிவப்பாகவும் இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை மூன்றையும் பாருங்கள். நுனியில் மெல்லிய பழுப்புச் சிவப்புப் பட்டை மட்டும் விட்டு மற்றதெல்லாம் வெளுத்திருந்தால் அதற்கு டெரி நகம் என்று பெயர். ரிச்சர்ட் டெரி என்ற மருத்துவர் 1954-இல் கல்லீரல் சுருக்க நோயாளிகள் 100 பேரைப் பார்த்து, 82 பேருக்கு இது இருந்ததாக எழுதினார். சர்க்கரை நோயிலும் இதயம் பலவீனமானவர்களிடமும், எந்த நோயும் இல்லாத முதியவர்களிடமும்கூட இது வரும். பாதி வெள்ளை, பாதி பழுப்பு என்று கோடு கிழித்தாற்போல் இருந்தால் நாட்பட்ட சிறுநீரக நோயை நினைக்க வேண்டும்.

குறுக்கே இரண்டிரண்டாக வெள்ளைப் பட்டைகள் தெரிந்து, நகத்தை அழுத்தினால் மறைந்தால், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் மிகவும் குறைந்திருக்கலாம். இது அடிச்சதையில் இருப்பதால் நகம் வளர்ந்தாலும் நகராது. அழுத்தினாலும் மறையாமல், நகத்தோடு நகரும் வெள்ளைப் பட்டை ஆர்செனிக் போன்ற நஞ்சால் வந்திருக்கலாம். குடிதண்ணீரில் ஆர்செனிக் கலந்திருக்கும் மேற்கு வங்கத்தின் பகுதிகளில் டாக்டர்கள் இதைத் தேடிப் பார்ப்பார்கள்.

நகம் மஞ்சளாகித் தடித்துப்போனது. நகச்சொத்தையா?

முதலில் சமையலறையைச் சந்தேகப்படுங்கள். மஞ்சள்தூளும் நகப்பூச்சும் நகத்தை மஞ்சளாக்கும். அந்தக் கறை மேலாக இருக்கும், நகம் தடிக்காது.

தடித்து, அடியில் மாவு மாதிரி உதிர்ந்து, நுனியிலிருந்து சதையை விட்டுப் பிரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். இப்படிக் கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. மீதி சோரியாசிஸ் என்ற தோல்நோய், பழைய காயம், இறுக்கமான செருப்பு. அதனால் நகத்தைச் சுரண்டி எடுத்து லேபில் பார்க்காமல் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவது சரியில்லை. கால் நகத்துக்கு மூன்று மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

சோரியாசிஸ் என்றால் நகத்தில் ஊசியால் குத்தியது போலப் புள்ளிக் குழிகள் இருக்கும், எண்ணெய்த் துளி சிந்தியது போல மஞ்சள் பழுப்புத் திட்டு தெரியும். தோலில் எதுவும் இல்லாமல் நகத்தில் மட்டும் வருவதும் உண்டு. இந்தக் குழிகளோடு காலையில் விரல் மூட்டுகள் விறைத்து வலித்தால், மூட்டுவாத மருத்துவரிடம் சொல்லுங்கள். சோரியாசிஸ் மூட்டுகளையும் தாக்கும், காலம் தாழ்த்தினால் விரல்கள் கோணிப்போகும். புழுவெட்டு உள்ளவர்களுக்கும் இதே போலச் சிறு குழிகள் வரும்.

சர்க்கரை உள்ளவர்கள் கால் நகத்தைச் சொந்தமாக ஆழமாக வெட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அங்கே தொடங்கிய ஒரு சின்னப் புண் விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோனதை நான் வார்டில் ஒருமுறையல்ல, பலமுறை பார்த்திருக்கிறேன்.

நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழம் செருகலாமா?

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான். குளிர்ச்சியாக, இதமாக இருக்கும். ஆனால் சீழ் பிடித்துவிட்டால் பழம் போதாது. நகக்கண் வீங்கித் தெறிக்கிற மாதிரி வலித்தால் டாக்டர் சிறிதாகக் கீறிச் சீழை எடுத்துவிடுவார், அன்று இரவே தூங்கலாம். அடிக்கடி நகச்சுத்தி வருபவர்கள் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு, வீட்டு வேலை செய்பவர்கள், மீன் வெட்டுபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள் போன்றோருக்கு, நகத்தோல் பிரிந்து, கிருமியும் பூஞ்சையும் மாறிமாறிக் குடியேறும். சில சமயம் நகம் பச்சையாகிவிடும், அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. கை காய்ந்திருக்க வழி செய்யாமல் எந்தக் களிம்பும் கேட்காது. வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை இருந்தால் இன்னும் நல்லது.

நகம் உடைந்துகொண்டே இருக்கிறது. பயோட்டின் சாப்பிடலாமா?

உடைவதற்குப் பெரும்பாலும் சோப்புத் தண்ணீரும் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனும்தான் காரணம். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள். அதோடு சோர்வு, உடல் எடை கூடுவது, முடி உதிர்வது, குளிர் தாங்காமை இருந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நகம் நுனியிலிருந்து சதையை விட்டுத் தூக்கிக்கொள்ளும்.

பயோட்டின் என்பது பி வகை வைட்டமின்களில் ஒன்று. அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம், அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். கடையில் விற்கும் பல மாத்திரைகளில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. நகத்துக்கு அதனால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் குறைவு. ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவுகளை அது குழப்பிவிடும். தைராய்டு அளவு தவறாக வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவு உள்ளதைவிடக் குறைத்துக் காட்டப்படலாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது, ஓர் உயிரிழப்பும் அதற்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும்போது லேபிலும் டாக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். தைராய்டு சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

குழந்தையின் நகம் கழன்று விழுகிறது. பயமாக இருக்கிறது.

ஒன்றிரண்டு மாதம் முன்பு கை, கால், வாயில் கொப்புளத்தோடு காய்ச்சல் வந்ததா? வந்திருந்தால் அதன் பின்விளைவுதான். வலிக்காது, அடியில் புது நகம் வந்துகொண்டிருக்கும், பிய்த்து இழுக்காமல் விட்டால் போதும். கைக்குழந்தைகளின் கால் நகம் கரண்டி மாதிரிக் குழிந்திருப்பதும் இயல்பு, வளர வளரச் சரியாகும். நகம் கடிக்கும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவுவதற்கு முன், பள்ளிக்கூடத்தில் எதற்காவது பயப்படுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நகத்துக்கு அடியில் குச்சி குத்தினாற்போலச் சிவப்புக் கோடுகள்?

ஒன்றிரண்டு விரலில், நுனிப் பக்கம் இருந்தால் எங்காவது இடித்திருக்கும். விட்டு விட்டுக் காய்ச்சலும், உடல் மெலிவும், முன்பே இதய வால்வுக் கோளாறும் இருந்தால் இதயத்தில் தொற்று இருக்கலாம். உடனே மருத்துவமனை போக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது எப்படிப் போக வேண்டும்?

இருபது நகங்களிலிருந்தும் பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். காலையும் காட்டுங்கள், கூச்சம் வேண்டாம். மாற்றம் எப்போது தொடங்கியது, எத்தனை விரலில், முன்பு எடுத்த போட்டோ, சாப்பிடும் மாத்திரைகள், செய்யும் வேலை, சமீபத்தில் வந்த காய்ச்சல் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். பெண்கள் மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நகத்துக்குத் தோல் மருத்துவர்தான் சரியான ஆள். வெளுப்பு, வீக்கம், நீலம் என்றால் பொது மருத்துவரிடம் முதலில் போகலாம்.

நகத்தில் பயாப்சி எடுக்கச் சொல்கிறார்கள். நகம் திரும்ப வளருமா?

பயாப்சி என்றால் பரிசோதனைக்காகச் சிறு துண்டு எடுப்பது. விரலை மரத்துப்போகச் செய்துதான் எடுப்பார்கள். ஊசி போடும்போது வலிக்கும், அப்புறம் தெரியாது. அடிச்சதையிலிருந்து எடுத்தால் நகம் பெரும்பாலும் பழையபடி வளர்ந்துவிடும். நகவேரிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் நகம் சற்று மெலியலாம், ஒரு பிளவு நிரந்தரமாக நிற்கலாம். கறுப்புக் கோட்டுக்கு வேரிலிருந்துதான் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் நிறம் பிறப்பது அங்கேதான். எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கைவிரல் என்றால் புது நகம் முழுதாக வர ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.